வாசகர் கேள்வி – பதில்: பர்மாவின் பழைய தலைநகரங்கள்

ஆண்டிறுதி நெருங்கும்போது இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை பயணத்தைப் பற்றியவையாக இருக்கின்றன. பாகன், மண்டலே, இன்வா, பகோ ஆகிய பழைய அரச நகரங்களை எப்படிப் பார்ப்பது, எதை விட்டுவிடலாம், எதை விடக்கூடாது என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழில் பக்கம் முழுவதையும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறோம். கேட்டவர்களின் ஊரை மட்டும் குறித்திருக்கிறோம்.

பகோ வாசகர்: மதுரையிலிருந்து என் அக்காள் மகன் குடும்பத்தோடு டிசம்பரில் வருகிறான். ஒரு வாரம் இருப்பார்கள். பழைய தலைநகரங்களை வரிசையாகக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. எல்லாரும் பாகனுக்கு முதலில் போகச் சொல்கிறார்கள். எந்த வரிசை சரி?

காலத்தால் பாகன் முந்தியது என்பதற்காக அதை முதலில் பார்த்தாக வேண்டும் என்பதில்லை. மண்டலேயில் தொடங்கி அமரபுரா, இன்வா என்று பின்னோக்கிப் போய்ப் பாகனில் முடிப்பதே என் யோசனை. இந்த நாட்டு அரசர்கள் செங்கல்லைப் பெரும்பாலும் பயாக்கள் எனப்படும் பௌத்தக் கோயில்களுக்கும் மதில்களுக்கும் ஒதுக்கினார்கள். தாங்கள் குடியிருந்த அரண்மனையைத் தேக்கு மரத்தால் கட்டிக்கொண்டார்கள். தலைநகரை மாற்றியபோது பயாக்கள் அந்தந்த ஊரிலேயே நின்றுவிட்டன. அரண்மனையோ தூண் தூணாகப் பிரிக்கப்பட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டது. 1783இல் போதவ்பயா இன்வாவை விட்டு அமரபுராவை எழுப்பினார். அவருடைய பேரன் பாஜீடோ 1823இல் மறுபடியும் இன்வாவுக்குப் போனார். 1839ஆம் ஆண்டு நிலநடுக்கம் இன்வாவைக் குலைத்துப்போட்ட பிறகு, 1840களின் தொடக்கத்தில் அரசவை அமரபுராவுக்கே திரும்பியது. 1857இல் மிண்டோன் மண்டலேக்கு அடிக்கல் நாட்டி, அமரபுரா அரண்மனைக் கட்டடங்களைப் பிரித்து யானைகளைக் கொண்டு இழுத்துவரச் செய்து அங்கே மீண்டும் நிறுத்தினார். இத்தனை இடமாற்றமும் இருபது மைல் தொலைவுக்குள் அடங்கிவிட்டது என்பதைக் கவனியுங்கள். மூன்று தனித்தனி நகரங்கள் என்று எண்ணிக்கொண்டு போனால் இன்வாவிலும் அமரபுராவிலும் பார்க்க ஒன்றுமில்லையே என்ற ஏமாற்றம்தான் மிஞ்சும். இடம் மாறிக்கொண்டே இருந்த ஒரே அரண்மனை என்று எண்ணிப் போனால், அமரபுராவில் ஏன் அரண்மனை இல்லை என்பதற்கான விடையை மண்டலேயிலேயே பார்த்துவிட்டுப் போகிறீர்கள்.

நீங்கள் பகோவில் இருப்பதால் முதல் நாளை வீட்டுப் பக்கத்திலேயே தொடங்கலாம். பயின்னௌங் மன்னரின் கம்போசதாதி அரண்மனை வளாகத்தில் இப்போது பளபளப்பாக நிற்பது 1990களில் புதிதாகக் கட்டியது. அதை வேகமாகச் சுற்றிவிட்டு, அகழ்வில் கிடைத்த பழைய தேக்குத் தூண்களின் அடிப்பகுதிகளை வைத்திருக்கும் இடத்துக்கு உறவினர்களை அழைத்துச் செல்லுங்கள். எந்த ஊர் எந்தத் தூணை அனுப்பியது என்பது அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கிறது. பயின்னௌங்குக்குக் கப்பம் கட்டிய நாடுகளின் பட்டியலையே மரத்தில் படிப்பதற்குச் சமம் அது. அந்த நகரத்தின் மதிலுக்குப் பக்கத்துக்கு ஐந்தாக 20 வாயில்கள் இருந்தன. 1599இல் நகரம் எரிந்து அழிந்தபோது மண்ணுக்கு மேலிருந்த மரமெல்லாம் போய்விட, புதைந்திருந்த அடித்தூண்கள் மட்டும் தப்பின.

அதன் பிறகு மண்டலேக்கு இரண்டு நாள், அமரபுராவுக்கும் இன்வாவுக்கும் சேர்த்து ஒரு நாள், பாகனுக்கு இரண்டு நாள் என்று வைத்துக்கொண்டால் வாரம் சரியாக இருக்கும். வழியில் உள்ள தௌங்கூவும் ஒரு காலத்தில் தலைநகரம்தான். நேரம் குறைவாக இருப்பவர்கள் அதை ரயில் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டால் போதும். சாலைப் பயணத்தைப் பகலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். புறப்படுவதற்கு முந்திய நாள் அந்தப் பக்கம் வண்டி ஓட்டும் யாரிடமாவது நிலைமையை விசாரித்துக்கொள்ளுங்கள். எல்லாருடைய அடையாள அட்டையும் கடவுச்சீட்டும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். உறவினர்களை உங்கள் வீட்டில் தங்கவைப்பதாக இருந்தால், வந்திறங்கிய பிறகு அல்ல, முன்கூட்டியே வார்டு அலுவலகத்தில் பேசிவிடுங்கள்.

மௌல்மீன் வாசகி: மண்டலே அரண்மனை முழுவதும் சிமெண்டுப் போலி என்று என் தம்பி சொல்கிறான். அவ்வளவு தூரம் போய் அதைப் பார்க்கத்தான் வேண்டுமா?

உங்கள் தம்பி சொல்வது பெரும்பாலும் உண்மை. மிண்டோன் கட்டிய அரண்மனை 1945 மார்ச் மாதப் போரில் குண்டு விழுந்து எரிந்துபோனது. இன்று நிற்பது 1990களில் முடிக்கப்பட்ட மறுகட்டுமானம். கான்கிரீட்டும் வண்ணம் பூசிய தகரக் கூரையும் அதில் தாராளமாகக் கலந்திருக்கின்றன. ஒரு மணி நேரத்துக்கு மேல் அதற்குச் செலவிடாதீர்கள். ஆனால் அந்த அகழியும் மதிலும் போலி அல்ல. பக்கத்துக்கு இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேலாக நீளும் நான்கு மதில்கள், பக்கத்துக்கு மூன்றாகப் பன்னிரண்டு வாயில்கள், 60 மீட்டருக்கும் மேல் அகலமான அகழி ஆகிய அனைத்தும் மிண்டோன் வகுத்த திட்டம்தான். அதிகாலையில் அகழிக் கரையில் ஒரு பக்கம் முழுவதையும் நடந்து பார்த்தால்தான் நகரத்தின் அளவு மனத்தில் பதியும்.

அசல் அரண்மனையைப் பார்க்க விரும்பினால் மதிலுக்கு வெளியே போக வேண்டும். மிண்டோன் காலமான அறை இருந்த கட்டடத்தில் அவருடைய ஆவி நடமாடுகிறது என்று மகன் தீபோ அஞ்சினாராம். அதனால் அதை அப்படியே பிரித்து வெளியே கொண்டுபோய் மடாலயமாக மாற்றிவிட்டார். அதுதான் ஷ்வேநந்தோ மடாலயம். ஒரு மகனின் அச்சம் அந்த ஒரு கட்டடத்தை மட்டும் 1945 தீயிலிருந்து காப்பாற்றிவிட்டது. வெளிப்புறத்தில் பூசியிருந்த பொன் முழுவதும் மழையிலும் வெயிலிலும் கரைந்து, தேக்கு கறுத்துக் கிடக்கிறது. உள்ளே போனால் தூண்களிலும் உத்தரத்திலும் பொன் இன்னும் மங்கலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. கதவுப் பலகைகளின் கீழ்வரிசையில் உள்ள சிற்பங்களைக் குனிந்து பாருங்கள். மேல்வரிசையை எல்லாரும் பார்க்கிறார்கள். உளியின் வேலை கூர்மையாக மிஞ்சியிருப்பது மழைச்சாரல் எட்டாத இடுக்குகளில்தான்.

அங்கிருந்து குதோதோ பயா நடக்கும் தொலைவில் இருக்கிறது. திரிபிடகம் முழுவதையும் 729 சலவைக்கல் பலகைகளின் இரு புறங்களிலும் வெட்டி, ஒவ்வொரு பலகைக்கும் ஒரு சிறு கோயில் கட்டி நிறுத்தியிருக்கிறார் மிண்டோன். முதலில் அந்த எழுத்துகளில் பொன் நிரப்பியிருந்தார்கள்; ஆங்கிலேயர் நகரத்தைப் பிடித்த பிறகு அது சுரண்டி எடுக்கப்பட்டுவிட்டதால், பின்னர் கறுப்பு மை இட்டார்கள். பாலி படிக்கத் தெரியாவிட்டாலும் ஒரு பலகையின் அருகில் நின்று வரி எவ்வளவு நேராக ஓடுகிறது என்பதையாவது பார்த்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்று யாங்கூனிலேயே இருக்கிறது. அரண்மனையில் இருந்த அரியணைகள் எல்லாம் எரிந்துபோயின. மந்திராலோசனை மன்றத்தில் இருந்த சிங்க அரியணையை மட்டும் ஆங்கிலேயர் முன்பே கல்கத்தா அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோயிருந்ததால் அது தப்பியது. 1948இல் சுதந்திரத்தை ஒட்டித் திரும்பி வந்தது. லண்டனில் இருந்த அரச அணிகலன்களும் 1964இல் வந்து சேர்ந்தன. இரண்டையும் தேசிய அருங்காட்சியகத்தில் பார்த்துவிட்டு மண்டலேக்கு ரயில் ஏறினால், வெறுமையாக இருக்கும் அந்தச் சிமெண்டு மண்டபங்களில் எது எங்கே இருந்திருக்கும் என்று எண்ணிப்பார்க்க முடியும்.

யாங்கூன் கல்லூரி மாணவர்: 2025 நிலநடுக்கத்துக்குப் பிறகு இன்வாவிலும் சகாயிங்கிலும் பார்ப்பதற்கு ஏதாவது மிச்சம் இருக்கிறதா? இடிபாட்டைப் பார்க்கப் போவது சரியா என்றும் தயக்கமாக இருக்கிறது.

2025 மார்ச் 28ஆம் தேதி நண்பகலில் ஏற்பட்ட 7.7 அளவு நிலநடுக்கத்தின் மையம் சகாயிங், மண்டலே அருகிலேயே இருந்ததால், அந்தப் பகுதி பட்ட அடி மிகப் பெரியது. 1934இல் திறக்கப்பட்டு, 1942இல் பின்வாங்கிய ஆங்கிலேயப் படையால் இரண்டு கண்கள் தகர்க்கப்பட்டு, 1954இல் செப்பனிடப்பட்ட பழைய ஆவா பாலம் ஐராவதிக்குள் சரிந்தது. இன்வாவின் பெருமையாக இருந்த மே நு செங்கல் மடாலயம் பெரும்பகுதி இடிந்துபோனது. மண்டலே மதிலும் பல இடங்களில் சரிந்தது. அந்த ஊர்களில் வீட்டையும் வீட்டு மனிதர்களையும் இழந்தவர்கள் இன்னும் அங்கேயே வாழ்கிறார்கள். இடிந்த வீட்டின் முன் நின்று படம் எடுக்காமல் இருப்பதும், குதிரை வண்டிக்காரரிடமும் தள்ளுவண்டிக் கடைக்காரரிடமும் பேரம் பேசாமல் இருப்பதும் உங்கள் கையில் இருக்கின்றன. அந்த இரண்டையும் கடைப்பிடித்தால் போவதில் தவறில்லை. பயணிகள் வராமற்போனால் முதலில் பட்டினி கிடப்பவர்கள் அவர்கள்தான்.

மரத்துக்கும் செங்கல்லுக்கும் உள்ள வேறுபாடு இன்வாவில் நன்றாகப் புரியும். இந்த மண்ணடியில் வடக்குத் தெற்காக ஓடும் சகாயிங் பிளவு அரசர்கள் காலத்திலும் ஓயவில்லை. ஐராவதியும் மியித்ங்கேயும் கூடும் இடத்தில் 1360களில் தொடங்கப்பட்ட இன்வா, இடைவெளிகளோடு ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டுகள் தலைநகராக இருந்தும், இன்று வயலும் வாழைத் தோட்டமும் ஊடாடும் கிராமமாக இருப்பதற்குத் தலைநகர் மாற்றம் ஒரு காரணம் என்றால், 1839 நிலநடுக்கம் இன்னொரு காரணம். ஆற்றுக்கு அப்பால் மிங்குனில் போதவ்பயா 1790இல் தொடங்கி முடிக்காமல் விட்ட பெரும் பயாவின் முகப்பைப் பிளந்திருக்கும் விரிசல்களும் அதே 1839ஆம் ஆண்டினுடையவை. முடிந்திருந்தால் 150 மீட்டர் உயர்ந்திருக்க வேண்டிய பயா அது. இன்றைய உயரம் 50 மீட்டர் மட்டுமே. பக்கத்தில் தொங்கும் மணியின் எடை 55,555 வீசை, அதாவது ஏறத்தாழ 90 டன். பிள்ளைகளுக்குப் பயாவைவிட அந்த மணிதான் பிடிக்கும், உள்ளே நுழைந்து நிற்கலாம் என்பதால்.

அமரபுராவின் ஊ பெயின் பாலம், கைவிடப்பட்ட இன்வா அரண்மனையின் தேக்குத் தூண்களைக் கொண்டு 1850ஐ ஒட்டிக் கட்டப்பட்டது. தௌங்தமான் ஏரியின் குறுக்கே 1.2 கிலோமீட்டர் நீளும் அந்தப் பாலத்தில் மாலையில் கூடும் கூட்டம் சூரியன் மறைவதைப் படம் எடுப்பதற்காகவே வருகிறது. எனக்கு அதிகாலைதான் பிடிக்கும். அப்போது சந்தைக்குப் போகிறவர்களும் மிதிவண்டியை உருட்டிக்கொண்டு வருகிறவர்களும் பிக்குகளும் அதைப் பாலமாகப் பயன்படுத்திக்கொண்டிருப்பார்கள். தூண்களைக் கவனியுங்கள்: சிலவற்றில் உத்தரம் செருகிய பழைய துளைகள், பாலத்துக்குத் தேவையே இல்லாத உயரத்தில், அப்படியே இருக்கின்றன. பாலத்தை விட்டு இறங்கியதும் நெசவுத் தெருக்கள் வந்துவிடும். அலையலையான வரிகள் கொண்ட அச்செய் பட்டை நெய்ய, ஒரு தறியில் இரண்டு பெண்கள் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து, நூறு வரை எட்டும் சின்னச் சின்ன நாடாக்களைக் கைமாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். நெசவு தெரிந்த குடும்பத்தில் பிறந்தவர்கள் அங்கே அரை நாளைத் தாராளமாகச் செலவிட்டுவிடுவார்கள். அட்டவணையில் இடம் விட்டுவையுங்கள்.

சிரியம் வாசகி: மண்டலேயில் உள்ள மகாமுனி பயாவில் பெண்களைச் சிலைக்கு அருகில் விடுவதில்லை என்கிறார்கள். அப்படியானால் நாங்கள் போய் என்ன பார்ப்பது?

பொன் தகடு ஒட்டும் மேடைக்கு ஆண்கள் மட்டுமே ஏறலாம் என்பது இன்னும் மாறவில்லை. பெண்கள் தகட்டை வாங்கி உடன் வந்த ஆணிடம் கொடுத்து ஒட்டச் செய்கிறார்கள். இது எனக்கு ஏற்புடையது அல்ல. ஆனாலும் அதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள். விடியலுக்கு முன் நான்கு மணியளவில் சிலையின் முகத்தை மணநீரால் கழுவும் சடங்கை முன்மண்டபத்தில் அமர்ந்து எல்லாரும் பார்க்கலாம். நிலநடுக்கத்தில் கோயில் கட்டடம் பெரும் சேதம் அடைந்ததால், எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த வளாகத்தில் என் கண்ணுக்கு மிக முக்கியமானவை, ஒதுக்கமாக ஒரு கூடத்தில் வைத்திருக்கும் ஆறு வெண்கலச் சிலைகள். கம்போடியாவின் அங்கோரில் வார்க்கப்பட்ட அவற்றை ஆயுத்தியா அரசர் கொண்டுபோனார். 1569இல் ஆயுத்தியாவை வென்ற பயின்னௌங் அவற்றைப் பகோவுக்குக் கொண்டுவந்தார். பகோ வீழ்ந்தபோது அரக்கான் அரசர் எடுத்துச் சென்றார். 1784–85இல் அரக்கானை வென்ற போதவ்பயாவின் படை, மகாமுனி சிலையோடு அவற்றையும் மலை கடந்து அமரபுராவுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. நான்கு பேரரசுகளின் வெற்றியும் தோல்வியும் ஒரே கூடத்தில் நிற்கின்றன. சிங்கங்களும், மூன்று தலை ஐராவதமும், துவாரபாலகர் போல நிற்கும் இரண்டு வீரர்களும் நம் கோயில்களை அறிந்தவர்களுக்குப் பழக்கமான உருவங்கள். உடம்பில் எங்கே வலிக்கிறதோ சிலையில் அந்த இடத்தைத் தேய்த்தால் வலி நீங்கும் என்ற நம்பிக்கையால், வீரர்களின் வயிறும் முழங்காலும் கண்ணாடி போல மின்னுகின்றன. இந்தச் சிலைகளைத் தொடுவதற்குப் பெண்களுக்குத் தடை ஏதும் இல்லை.

பொன் தகடு தயாராகும் தெருவையும் விட்டுவிடாதீர்கள். மூங்கில் தாள்களுக்கு இடையில் பொன்னை வைத்து மான்தோலில் கட்டி, கனத்த சுத்தியலால் மணிக்கணக்கில் அடிக்கிறார்கள். நேரம் பார்க்கக் கடிகாரம் வைப்பதில்லை. அடியில் சிறு துளையிட்ட தேங்காய்ச் சிரட்டை ஒன்று தண்ணீர்த் தொட்டியில் மிதந்து, நிரம்பி மூழ்கும்வரை அடி நிற்காது.

தட்டோன் ஆசிரியர்: பாகனில் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது என்று மாணவர்களிடம் சொல்லி வருகிறேன். அதில் என்ன இருக்கிறது? அங்கே உள்ள விஷ்ணு கோயில்தான் அதில் சொல்லப்பட்ட கோயிலா?

கல்வெட்டு உண்மையானது, பழைய பாகனுக்குத் தெற்கே மியின்கபா அருகில் கிடைத்தது, 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது அறிஞர்களின் கணிப்பு. வடமொழிச் செய்யுள் ஒன்றோடு தொடங்கித் தமிழில் தொடர்கிறது. மலைமண்டலத்து மகோதயர்பட்டணத்தைச் சேர்ந்த, குலசேகர நம்பி என்ற பட்டப்பெயர் கொண்ட ஒருவர், பாகனில் இருந்த நானாதேசி விண்ணகரம் என்ற விஷ்ணு கோயிலுக்கு மண்டபம் கட்டி, கதவு இட்டு, அணையாமல் எரிவதற்கு ஒரு நிலைவிளக்கும் வைத்ததாக அது கூறுகிறது. மகோதயர்பட்டணம் என்பது இன்றைய கேரளத்துக் கொடுங்கல்லூர். பல நாடுகளுக்கும் சென்று வணிகம் செய்தவர்களை நானாதேசிகள் என்பார்கள். அரசர் யாரும் படையெடுத்து வந்து கட்டிய கோயில் அல்ல அது. ஐராவதிக் கரையில் சரக்கு இறக்கிய வணிகர்கள், தாங்கள் கும்பிட ஓர் இடம் வேண்டும் என்று பொதுவில் வைத்துக்கொண்ட கோயில். மாணவர்களுக்கு இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்லுங்கள்.

நீங்கள் குறிப்பிடும் விஷ்ணு கோயில், பழைய மதிலுக்குள் தப்பின்யு கோயிலின் அருகில் இருக்கும் நாத்லௌங் சௌங். பாகனில் எஞ்சி நிற்கும் ஒரே இந்துக் கோயில் அதுதான். வெளிச்சுவரில் பத்து அவதாரங்களுக்கான மாடங்கள் இருந்தன. அவற்றில் ஒன்று புத்தருக்கு. கல்வெட்டில் சொல்லப்பட்டது இதுவே என்று பலர் எழுதிவிடுகிறார்கள். கல் கிடைத்த இடமோ மதிலுக்கு வெளியே, தெற்கே இருக்கிறது; இரண்டும் ஒன்றே என்று சொல்ல அந்தக் கல்வெட்டின் வாசகத்தில் ஆதாரம் இல்லை. இரண்டு கோயில்கள் இருந்திருந்தால்தான் என்ன குறைந்துவிடும்?

உங்கள் மாணவர்களை அழைத்துச் செல்வதாக இருந்தால், கூட்டம் மொய்க்கும் பெரிய கோயில்களுக்கு ஒரு நாளும், மியின்கபா கிராமத்துக்கு ஒரு நாளும் கொடுங்கள். அந்தச் சிற்றூரில் 1113ஆம் ஆண்டின் மியஸேதி கல்வெட்டு இருக்கிறது. கியான்சித்தா மன்னரின் மகன் இராஜகுமாரன், தந்தை நோயுற்றிருந்தபோது செய்த அறத்தைப் பாலி, பியு, மொன், பர்மிய மொழிகள் நான்கிலும் பக்கத்துக்கு ஒன்றாக வெட்டிவைத்தார். யாராலும் படிக்க முடியாமல் கிடந்த பியு எழுத்து, இந்தக் கல்லை வைத்தே படிக்கப்பட்டது. பக்கத்தில் உள்ள குபியௌஜீ கோயிலின் சுவரோவியங்களைக் கைவிளக்கின் ஒளியில் பாருங்கள். அடுத்து நான்பயா: அதன் நடுத்தூண்களில் இரு கைகளிலும் தாமரை ஏந்திய பிரம்மாவை மணற்கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். சற்றுத் தள்ளி இருக்கும் அபேயதானா கோயிலில் சிவனும் விஷ்ணுவும் ஓவியமாக இருக்கிறார்கள். தம்மை விஷ்ணுவின் அவதாரமாகச் சொல்லிக்கொண்டே, பௌத்தத்தைப் போற்றி ஆனந்தா கோயிலையும் கட்டிய அரசர் கியான்சித்தா. அவருடைய அரண்மனை எழும்பியபோது பிராமணர்கள் செய்த சடங்குகளை அவருடைய மொன் கல்வெட்டு விரிவாகவே கூறுகிறது. அந்த வழக்கம் மண்டலே அரசவையில் பஞ்சாங்கம் கணித்த பொன்னாக்கள் என்ற பிராமணர்கள் வரை நீண்டது.

ஆனந்தாவுக்குள் நான்கு திசையிலும் நிற்கும் புத்தர்களில் தெற்குச் சிலையின் காலடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். பிறகு பின்னால் நகர்ந்து வாசலருகில் நின்று பாருங்கள். கிட்டத்தில் கடுமையாகத் தெரிந்த முகம் தூரத்தில் புன்னகைக்கிறது. அருகில் வரும் அரசருக்கு ஒரு முகமும், எட்ட நிற்கும் குடிகளுக்கு ஒரு முகமும் என்று வழிகாட்டிகள் விளக்கம் சொல்வார்கள். அது சிற்பியின் எண்ணமா, வழிகாட்டியின் கற்பனையா என்பதை மாணவர்கள் விவாதிக்கட்டும். கோயில்களின் மேல் ஏறுவதற்கு இப்போது தடை இருக்கிறது. 2016 நிலநடுக்கத்தில் உதிர்ந்த மாடங்களைப் பார்த்தவர்கள் அதைக் குறைசொல்ல மாட்டார்கள்.

போப்பா மலைக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். மூங்கில் ஏணி சார்த்திய பனைமரங்கள், பதநீர் காய்ச்சும் அடுப்பு, கருப்பட்டி உருட்டும் பெண்கள், மாடு கட்டி ஓட்டும் கடலைச் செக்கு ஆகியவற்றைத் தஞ்சாவூரிலும் இராமநாதபுரத்திலும் இருந்து வந்த நம் பாட்டன்மார் பார்த்திருந்தால் ஊர் நினைவு வந்திருக்கும்.

பகோ இளைஞர்: இராஜேந்திர சோழன் எங்கள் ஊரை வென்று வெற்றித்தூண் நட்டதாகப் பெரியவர்கள் சொல்கிறார்கள். அந்தத் தூணை எங்கே பார்க்கலாம்?

பார்க்க முடியாது, ஏனென்றால் அப்படி ஒரு வெற்றித்தூண் இல்லை. கடாரம் என்பது பகோதான் என்று ஆங்கிலேயர் காலத் தொல்லியலாளர் சிலர் கருதினார்கள். இங்கே கிடைத்த கருங்கல் தூண்களை இராஜேந்திரனோடு இணைத்து எழுதவும் செய்தார்கள். கடாரம் என்பது மலாய் நாட்டுக் கெடா என்று பின்னர் தெளிவாகிவிட்டது. 1025 படையெடுப்பைக் கூறும் மெய்க்கீர்த்தியில் வரும் மாப்பப்பாளம் என்ற ஊர் கீழ்ப் பர்மாவில் இருந்திருக்கலாம் என்ற கருத்து மட்டும் இன்றும் உண்டு. அது பகோ என்று யாரும் நிறுவவில்லை.

இதற்காக வருத்தப்பட வேண்டாம். சோழரும் பாகனும் ஒருவரை ஒருவர் நன்றாகவே அறிந்திருந்தார்கள். 1106இல் பாகன் தூதர்கள் சீன அரசவைக்கு வந்தபோது, அவர்களைச் சோழ நாட்டுத் தூதர்களுக்கு இணையாக நடத்தினால் போதுமா, அதைவிட மேலான மரியாதை தர வேண்டுமா என்று அங்கே விவாதமே நடந்திருக்கிறது. அந்தக் காலத்துப் பேரரசுகளின் வரிசையில் இரண்டு பெயரும் அடுத்தடுத்து எழுந்தன என்பது இல்லாத தூணைவிடப் பெரிய செய்தி.

தட்டோன் வாசகி: பள்ளி விடுமுறை கோடையில்தான் வருகிறது. ஏப்ரலில் பாகன் போகலாமா?

போகலாம், ஆனால் உச்சிவேளையில் வெளியே இறங்காதீர்கள். பயாக்களுக்குள் செருப்பு மட்டுமல்ல, காலுறையும் கூடாது; பகல் பதினொரு மணிக்கு மேல் அந்தச் செங்கல் தளத்தில் குழந்தைகள் கால் வைக்க முடியாது. விடிந்ததும் மூன்று மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். முழங்கால் மறையும் லுங்கியோ பாவாடையோ, தோள் மறையும் மேலாடையோ இல்லாமல் போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

பசேன் வாசகர்: அரக்கானின் மிராவுக் ஊ, அலாவுங்பயாவின் ஷ்வேபோ இரண்டையும் நீங்கள் குறிப்பிடுவதே இல்லையே?

இரண்டும் பார்க்கத் தகுந்தவை. 1430 முதல் 1785 வரை தலைநகராக இருந்த மிராவுக் ஊவின் கல்கோயில்கள் பாகனில் இல்லாத ஒரு கட்டடக் கலை. ஆனால் சண்டை ஓயாத பகுதிகளுக்குக் குடும்பத்தோடு போகச் சொல்லி எழுத எனக்கு மனம் இல்லை.

யாங்கூன் வாசகர்: கடைசி அரசர் தீபோவைச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா? யாங்கூனிலேயே பார்க்கக்கூடிய அரச நினைவிடங்கள் உண்டா?

உண்மைதான். 1885 நவம்பர் இறுதியில் மண்டலேயைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், தீபோவையும் அரசி சுபயாலத்தையும் கப்பலில் ஏற்றி முதலில் சென்னைக்குத்தான் கொண்டுபோனார்கள். சில மாதங்கள் அங்கே வைத்திருந்து, 1886இல் மேற்குக் கரையில் உள்ள இரத்தினகிரிக்கு மாற்றினார்கள். அவர்களுடைய மகள் ஒருத்தி சென்னையில்தான் பிறந்தாள். தீபோ 1916இல் இரத்தினகிரியிலேயே இறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். சென்னைத் துறைமுகத்திலிருந்து நம் முன்னோர் கூலிகளாகவும் கணக்கர்களாகவும் வணிகர்களாகவும் யாங்கூனுக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்த அதே காலத்தில், அதே கடல்வழியில் இந்த நாட்டு அரசர் எதிர்த்திசையில் போயிருக்கிறார். நம் ஆட்கள் 1871இல் எழுப்பிய காளி கோயில் அப்போது யாங்கூனில் நின்றுகொண்டிருந்தது.

அதற்கு முன்பே ஆங்கிலேயர் இதே காரியத்தை மறுபக்கமாகச் செய்திருந்தார்கள். டெல்லியின் கடைசி முகலாயப் பேரரசர் பகதூர் ஷா 1858இல் யாங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டு, 1862 நவம்பர் 7ஆம் தேதி இங்கே இறந்தார். எங்கே புதைத்தார்கள் என்று தெரியாதபடி அடையாளத்தை அழித்துவிட்டார்கள். 1991இல் வடிகாலுக்காகத் தோண்டியபோதுதான் உண்மையான கல்லறை வெளிப்பட்டது. இப்போது அது ஷ்வேடகோன் பயாவுக்கு அருகில் ஸீவக்கா தெருவில் தர்காவாக இருக்கிறது. மதம் பார்க்காமல் யாரும் உள்ளே போகலாம், கீழ்த்தளத்தில் உள்ள அசல் சமாதிக்கும் இறங்கலாம்.

கணவரின் மறைவுக்குப் பின் நாடு திரும்பிய சுபயாலத் 1925இல் யாங்கூனில் இறந்தார். அவரை மண்டலேயில் அடக்கம் செய்ய ஆங்கிலேயர் அனுமதிக்கவில்லை. ஷ்வேடகோனின் தெற்கு வாசலுக்குக் கீழே, பயா சாலையில் உள்ள கண்டோமின் தோட்டத்தில் அவருடைய வெள்ளை நிறச் சமாதி இருக்கிறது. அதே வரிசையில்தான் ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த ஊ தாண்டின் சமாதியும் உள்ளது. தர்காவிலிருந்து அங்கே நடந்தே போய்விடலாம். வெயில் ஏறுவதற்கு முன் இரண்டையும் முடித்துக்கொண்டு, மீதி நேரத்தைச் சிங்க அரியணைக்குக் கொடுங்கள்.